ஓட்டைவாய் டீச்சர்

எங்கள் உறைவிடப் பள்ளியில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. அறிவியல் டீச்சர் காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்துவிட்டால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சமையல்கூடத்துக்குப் போய்ச் சேரும். சமையல்கூடத்திலிருந்து டீக்கடை. டீக்கடையிலிருந்து ஜீப். ஜீப் ஏறிவிட்டால் ஜவ்வாது மலையில் அது போகாத ஊர் கிடையாது.

தலைமை ஆசிரியர் தலைக்குச் சாயம் பூசுகிறார் என்று எங்களுக்குச் சொன்னது டீச்சர்தான். வாட்ச்மேன் கதவைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்த்து அழுகிறார் என்று சொன்னதும் அவர்தான். அரையாண்டுத் தேர்வில் இதயம் படம் வரப்போகிறது என்று வாய் தவறிச் சொன்னார், வந்தது. இதில் சொந்தம், அந்நியம் என்ற பாகுபாடெல்லாம் அவருக்கு இல்லை. சொந்த மாமியாரின் பல்செட் சாம்பார் குண்டானுக்குள் விழுந்ததையும், அதைக் கரண்டியால் துழாவி எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு அதே சாம்பாரை எல்லோருக்கும் ஊற்றியதையும் உணவுக்குழல் பாடம் நடத்தும்போது சொன்னவர்.

“என் வாயில எச்சிலத் தவிர வேற ஒண்ணும் தங்காதுடா” என்பார். அதில் பெருமையும் இருக்காது, வெட்கமும் இருக்காது. ரத்த வகை என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார்.

அவருக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே சந்தவாசல். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மேலே வந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஒல்லி உடம்பு, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குரல். கைநிறையப் படவேட்டுக் கோயில் கடை வளையல்கள். வளையல் சத்தம் முதலில் வரும், அப்புறம் குரல் வரும், கடைசியாக ஆள் வருவார். இதனால் எங்களுக்கு ஒரு நன்மை, எந்தத் தப்புத்தண்டாவிலும் அவரிடம் நாங்கள் மாட்டியதே இல்லை.

இப்படிப்பட்டவரை எங்கள் பள்ளியில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் உடல்நலத்துக்குப் பொறுப்பாசிரியராகப் போட்டார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். வேறு யாரும் அந்தப் பொறுப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது காரணம். தமிழய்யா ‘அந்த இடம்’ என்ற சொல்லுக்கு மேல் போகமாட்டார். கணக்கு சார் அதைக்கூடச் சொல்லமாட்டார், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். டீச்சருக்குக் கூச்சம் என்ற உறுப்பே கிடையாது. கீழே போய்ப் பயிற்சி முடித்து, சுருட்டிய படங்களோடு திரும்பி வந்தார்.

அந்த வருஷம் நான் பத்தாம் வகுப்பு. என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது, அது எலுமிச்சம்பழம் அளவில் இருந்தது.

அதற்கு முந்தின கோடையில், என் ஊரான நெல்லிவாசல்நாட்டில் எங்கள் வீட்டுப் புளி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தபோது, வலது பக்கம் தொடையும் வயிறும் சேருமிடத்தில் ஏதோ நழுவியது. குனிந்து பார்த்தால் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்து இருமினால் யார் கூப்பிட்டார்கள் என்பதுபோல வெளியே எட்டிப் பார்க்கும். கூட்டாளி ஒருத்தனிடம் வேறு யாருக்கோ வந்ததாகச் சொல்லிக் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. ஆம்பளைத்தனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, முழுசாக இறங்கிவிட்டால் மீசை முளைக்காது என்றான். அவனுக்கே அப்போது மீசை இல்லை. ஆனாலும் நம்பினேன்.

வீட்டில் சொல்ல முடியாது. எங்கள் மலையில் எந்த வீக்கத்துக்கும் ஒரே வைத்தியம், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு. என் சித்தப்பாவுக்கு வயிற்றில் கோலம் போட்ட மாதிரி தழும்புகள் உண்டு, வயிற்றுவலியும் உண்டு. அதோடு விஷயம் வெளியே போனால் குடல் இறங்கினவன் என்ற பெயர் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். பெண் கொடுக்கிற இடத்தில் அதைத்தான் முதலில் பேசுவார்கள். எனவே பழைய துண்டைக் கிழித்து இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கபடியில் ஏறிப் போகும்போதுகூட என் ஒரு கை எதிராளியைத் தேடாமல் துண்டைத்தான் பிடித்திருக்கும்.

டீச்சர் பொறுப்பேற்றதும் எடுத்த முதல் வகுப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவைச் சாத்தினார். பையன்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் உட்கார வைத்தார்.

“இங்க பாருங்க. உங்களுக்கு ஒடம்புல இன்னா இருந்தாலும் சரி, மனசுல இன்னா இருந்தாலும் சரி, எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. என் வாயைப் பற்றி உங்களுக்கே தெரியும், நானும் கட்டிப்போட்டுப் பார்த்துவிட்டேன், அது கேட்கிறதில்லை, ஆனால் கேட்டுவிட்டு வாயைத் தைத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள், வழியை மட்டும் நான் காட்டுகிறேன் என்றார். சுருட்டி வந்த படங்களை விரிக்கவே இல்லை. அவை கடைசிவரை பீரோ மேலேயே கிடந்து கரப்பான்பூச்சிகளுக்கு அறிவு புகட்டின.

அந்த வருஷம் முழுவதும் அவர் நடத்தியது நோய்ப் பாடம் இல்லை, வழிப் பாடம். கரும்பலகையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் படம் போடுவார். இது ரோடு, இது கேட்டு, இங்கே ஒரு செவலை நாய் படுத்திருக்கும், குலைக்கும், கடிக்காது. இந்த ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும். இந்த அறையில் நர்சம்மா இருப்பார், இந்த அறையில் டாக்டர். மாதவிலக்கு தள்ளிப்போனாலும் நிற்காமல் போனாலும் இங்கே. படை, சொறி, வெள்ளைப்படுதல், நெஞ்சில் கட்டி, கவட்டியில் கட்டி எல்லாவற்றுக்கும் இங்கேதான். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, தூக்கம் வரவில்லை, செத்துப்போகலாமா என்று தோன்றுகிறது, அதற்கும் ஆள் உண்டு, கீழே பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையைத் தாண்டிக் கடைசிக் கதவு, உள்ளே போய் உட்கார்ந்தால் அவர்களே பேச்சை ஆரம்பிப்பார்கள். கவட்டியில் கட்டி என்று அவர் சொன்னபோது நான் பெஞ்சுக்கு அடியில் விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பேனா என் சட்டைப்பையில் இருந்தது.

அங்கே போய்ச் சொல்ல எங்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார். “நர்சம்மா, தனியாப் பேசணும்.” அவ்வளவுதான், மீதியை அந்தம்மா பார்த்துக்கொள்ளும் என்றார். வாய்ப்பாடு மாதிரி இதை எங்களை ஒப்பிக்க வைத்தார். வகுப்பே ஒன்றாகச் சேர்ந்து, பக்கத்துக் கொல்லையில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு, தனியாகப் பேச வேண்டும் என்று கத்தினோம். அப்புறம் கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் இதே பேச்சுதான். சமையல்கூடத்தில் இரண்டாவது முட்டை வேண்டுமென்றால்கூட ‘சமையலம்மா, தனியாப் பேசணும்’ என்று போய் நிற்பார்கள்.

அதோடு விடவில்லை. தேர் ஓடுவதற்கு முன்னால் வெள்ளோட்டம் விடுகிறார்களே, அந்த மாதிரி நோய் வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை போய்ப் பழகிவிட வேண்டும் என்று எங்கள் வகுப்பையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஜன்னலில் இருந்தவர் இவ்வளவு பேரையும் பார்த்துவிட்டு, விடுதிச் சாப்பாட்டில் பல்லி விழுந்துவிட்டதா என்று பதறினார். யாருக்கும் ஒன்றுமில்லை, இனிமேல்தான் வரும் என்றார் டீச்சர். ஒவ்வொருவராகச் சீட்டு வாங்கி, நர்சம்மா முன்னால் போய் நின்று, அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். நர்சம்மா கடுகடுவென்று இருப்பார். மணி என்ன என்று கேட்டால்கூடச் சொல்லமாட்டார், சுவரில் இருக்கிறது பார் என்பார். டீச்சருக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். பார்த்தீங்களா மொகத்த, இதுங்கிட்டருந்து ஒரு வார்த்த வெளிய வருமா என்று நர்சம்மாவை வைத்துக்கொண்டே எங்களிடம் கேட்டார்.

எல்லாம் சரி. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில்தானே போக வேண்டும்.

எங்கள் மலையில் ஜீப்பில் ஏறியவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்காமல் இருப்பது மரியாதைக்குறைவு. ஆஸ்பத்திரிக்கு என்றால் என்ன உடம்பு என்று கேட்காமல் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதைக்குறைவு. உடம்பைச் சொன்னால் ஆளுக்கு ஒரு மருந்து சொல்லாமல் இருப்பது மகாபாவம். டிரைவர் தொடங்கி வைப்பார். கோழிக்கூடை வைத்திருக்கிற பாட்டி முதல் ஏணியில் தொங்குகிறவர் வரைக்கும் கருத்துச் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வருவதற்குள் நோயாளி குணமாகிவிடுவார், அல்லது இறங்கித் திரும்பி ஓடிவிடுவார்.

டீச்சர் இதற்கும் வழி சொன்னார். யார் கேட்டாலும் பல்வலி என்று சொல்லுங்கள். பல்லில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டு உட்காரவும் அதுவே காரணமாகிவிடும். யோசனை நன்றாக வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே செய்தது. எங்கள் விடுதிப் பெண்களும் பையன்களும் வாரா வாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜீப் ஏறியதில், பள்ளிக்கூடத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் சொத்தையாகிறது என்று மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் சண்டை. தலைமை ஆசிரியர் மிரண்டுபோய் எங்கெங்கோ மனுப் போட்டு, கீழேயிருந்து பல் டாக்டர்கள் வண்டியோடு வந்து இறங்கினார்கள். எங்கள் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பல்லும் சும்மா புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக மின்னுகிறது. எந்தப் பல் வலிக்கிறது என்று ஒரு பெண்ணைக் கேட்டார்கள். அவள் ஒரு பல்லைக் காட்டினாள், தட்டிப் பார்த்தார்கள், இல்லை இல்லை இது என்று வேறு பல்லைக் காட்டினாள். டாக்டருக்குத் தலை சுற்றியது.

அங்கே டீச்சர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றுமில்லை. இருந்தால் அவர் டீச்சரே இல்லையே. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு, டாக்டர்கள், பெற்றோர்கள், ஜீப் டிரைவர் எல்லோருக்கும் முன்னால் முழுக்கதையையும் சொன்னார். அன்றோடு பல்வலி செத்தது. அதற்குப் பிறகு ஜீப்பில் யாராவது உண்மையிலேயே பல்வலி என்று சொன்னால்கூட, “ஓகோ, அந்தப் பல்லா?” என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அதோடு அந்த எண்ணத்தை விட்டேன். டீச்சர்மேல் அப்போது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

பொங்கல் லீவு முடிந்து விளையாட்டு விழா வந்தது. கயிறு இழுக்கும் போட்டியில் என்னைக் கடைசி ஆளாக நிறுத்தினார்கள். இழுத்தேன். நாங்கள் ஜெயித்தோம் என்று பிறகு சொன்னார்கள், எனக்குத் தெரியாது. துண்டுக்குள் ஏதோ பெரிதாகப் பிதுங்கியது. கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. கையால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது, தொட்டால் உயிர் போனது. வாந்தி வந்தது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன், செத்தாலும் காரணம் தெரியாமல் செத்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

வளையல் சத்தம் கேட்டது. என்னால் எழுந்து ஓட முடியவில்லை.

டீச்சர் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், வாந்தியைப் பார்த்தார், என் கை அழுத்திக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“சொல்லாத” என்றார். “உள்ள போவுதா, அத மட்டும் சொல்லு.”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் மாறியது. போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தது, திரும்பி வர நேரமாகும் என்றார்கள். தலைமை ஆசிரியர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். ரோட்டில் ஜீப் ஒன்று ஆள் சேர்த்துக்கொண்டு நின்றது. டீச்சர் என் தோளைப் பிடித்துத் தூக்கி நடத்தி, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுபோய், பின் சீட்டில் ஏற்றித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பியதுமே டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “இன்னா டீச்சர், ஸ்கூல் விழாவ வுட்டுட்டு? பையனுக்கு இன்னா?”

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சர் வாய் திறந்தது. அந்த வாயை எனக்குத் தெரியும். வலியைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். என் கல்யாணம், என் அப்பா தலைகுனிந்து சந்தையில் நடப்பது, என் பெயருக்கு முன்னால் ஒட்டப்போகிற பட்டம் எல்லாம் அந்த வாய்க்குள் தெரிந்தன.

“பையனுக்கு ஒண்ணுமில்ல” என்றார் டீச்சர். “எனக்குத்தான் மூலம்.”

 எங்கள் ஜனம் அதை அப்படியே விட்டுவிடாது. கோழிக்கூடைப் பாட்டி பரிவோடு, உள்மூலமா வெளிமூலமா என்று கேட்டார். ரெண்டுந்தான் என்றார் டீச்சர். அவ்வளவுதான், ஜீப்பே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. ஒருவர் கருணைக்கிழங்கு என்றார். ஒருவர் துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொன்னார். கோழிக்கறி சூடு, தொடக்கூடாது என்றார் இன்னொருவர், மடியில் கோழியை வைத்திருந்த பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. டீச்சர் யாரையும் விடவில்லை. எப்போது ஆரம்பித்தது, எப்படி உட்கார்வது, எப்படி உட்காரக்கூடாது, வீட்டுக்காரர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் ஒவ்வொரு வளைவிலும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் நிறுத்தி ஆள் ஏற்றாதே, எனக்கு ரத்தம் போகிறது என்றார். டிரைவர் சீட்டு உறையை நினைத்தோ என்னவோ அப்படி ஒரு ஓட்டு ஓட்டினார்.

பள்ளம் ஒன்றில் வண்டி விழுந்து எழுந்தபோது என்னையறியாமல் அம்மா என்று கத்திவிட்டேன். என் குரல் அடங்குவதற்குள் டீச்சர் என்னைவிடப் பெரிதாக “ஐயோ அம்மா” என்று அலறினார். என் பக்கம் திரும்பிய தலைகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நான் முனகினால் அவர் கத்துவார். நான் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தபோது, “இவனுக்கு வளைவு ஒத்துக்காது, தொணைக்கு இட்டுக்கினு வந்தேன், இப்ப இவன நான் புடிச்சிக்க வேண்டியதாப் பூட்ச்சி” என்று என் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். கை சில்லிட்டுப் போயிருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் ஜனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பில் கை வைத்துக் காலை அகட்டி அகட்டி அவர் முன்னால் நடந்தார். நான் துணைக்கு வந்தவன் மாதிரி பின்னால் போனேன். நர்சம்மா நிமிர்ந்தார். டீச்சர் விலகிக்கொண்டு என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து அந்த வாக்கியம்தான் வந்தது, வகுப்பில் கூச்சல் போட்ட அதே வாக்கியம், இப்போது காற்றாக. நர்சம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் திரையை இழுத்தார்.

டாக்டர் பார்த்தார். கீழே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். குடல் சிக்கிக்கொண்டுவிட்டது, இன்னும் தாமதமாகியிருந்தால் அழுகி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று அப்பாவிடம் டாக்டர் சொன்னாராம். கையெழுத்துப் போட ஓடிவந்த அப்பா, வராண்டாவில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது, டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ் ஏறப் போய்விட்டாராம்.

அப்பா ஊரில் எனக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னார். அதுவும் அந்த மூலக்கார டீச்சருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொன்னார். என் மானத்தைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது.

நான் உடம்பு தேறிப் பள்ளிக்கூடம் திரும்பியபோது டீச்சருக்கு மூலம் டீச்சர் என்று பெயராகியிருந்தது. கரும்பலகையில் யாராவது கருணைக்கிழங்கு வரைந்து வைப்பார்கள். அவர் வீட்டு வாசலில் ஜனங்கள் உண்மையான அக்கறையோடு துத்தி இலைக்கட்டும் கிழங்கும் வைத்துவிட்டுப் போவார்கள். நாற்காலியில் அவர் உட்காரும்போதெல்லாம் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அவர் கிழங்கைப் புளி போட்டு வதக்கிச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தாண்டா இருக்குது என்பார்.

நான் தினமும் பயந்துகொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவார், நாளைக்குச் சொல்லிவிடுவார் என்று. அவர் மற்றதையெல்லாம் வழக்கம்போல உளறிக்கொண்டுதான் இருந்தார். தலைமை ஆசிரியருக்கு மாற்றல் வருவது அவருக்கே தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்தது. என் விஷயம் மட்டும் வரவில்லை. ஒருநாள் வராண்டாவில் தனியாக மாட்டியபோது, நிஜமாகவே உங்களுக்கு அது இருக்கிறதா டீச்சர் என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஊருக்கே தெரிஞ்ச விஷயத்த எங்கிட்ட வந்து கேக்குற பாரு. போடா, போய்ப் படி” என்றார்.

அந்தப் பெண்மணியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். நாங்கள் பரீட்சை எழுதி முடித்த வருஷமே அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட்டார்.

நான் இப்போது ஆரணியில் இருக்கிறேன். போன மாசம் ஊருக்குப் போக ஜீப் ஏறினேன். அதே டிரைவர், தலை நரைத்திருந்தது. யாரோ உட்கார்ந்தே வேலை செய்வதால் மூலச்சூடு என்று சொன்னார்கள், டிரைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. முன்னே ஒரு டீச்சர் இருந்தது என்று ஆரம்பித்தார். கதை இந்த வருஷங்களில் நன்றாக வளர்ந்திருந்தது. டீச்சர் அலறிய அலறலில் கோழி கூடையை விட்டுப் பறந்துபோனதாம். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. எனக்கு எதிரே பெரிய மீசை வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கல்யாணம் ஆகாதவன், ஒரு இடத்தில் பெண் பார்த்துப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, அந்தப் பெண் வீட்டுக்குத் தூரத்து உறவுக்காரர் ஒருவர் முன் சீட்டிலேயே இருந்தார். எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

“அவங்களுக்கு மூலமும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. எனக்குத்தான் குடல் எறங்கி மாட்டிக்கிச்சு. நான் வெக்கப்பட்டுச் சாவக் கெடந்தேன். உங்ககிட்டல்லாம் நான் மாட்டக்கூடாதுன்னு அந்தம்மா தனக்குன்னு சொல்லிச்சு. அறுத்துத் தெச்சாங்க, இப்ப நல்லா இருக்குறேன்.”

சிரிப்பு நின்றது. அப்ப அந்த சீட்ட நான் தண்டமாவா கழுவினேன் என்று டிரைவர் கேட்டார், யாரும் சிரிக்கவில்லை. முன் சீட்டு உறவுக்காரர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தேன். மனசு லேசாக இருந்தது.

என் ஊர் வந்தது, இறங்கினேன். பெரிய மீசைக்காரரும் இறங்கினார். அவர் ஊர் இன்னும் தள்ளி, எனக்குத் தெரியும். ஜீப் வளைவில் மறைகிற வரைக்கும் பீடியைப் பற்றவைப்பதுபோல நின்றார். அப்புறம் கிட்ட வந்தார். வேட்டிக்குள் இடது பக்கம் ஏதோ இறுக்கிக் கட்டியிருந்தது நடையிலேயே தெரிந்தது.

“தம்பி, அது எந்த ஆஸ்பத்திரில காட்டுன? அங்க போய் யாரக் கேக்கணும்?”

சொன்னேன். எந்த ஜன்னல், எந்த அறை, என்றைக்குப் போனால் யார் இருப்பார்கள் எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன்.

“பெரிய பொண்ணு பொறந்ததுலேர்ந்து” என்றார். அந்தப் பெண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறாராம்.